இருபத்தெட்டாம் பெயரை வெட்டுங்கோ

பத்மநாதனின் மீசையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பந்தயத்தில் வைக்கப்பட்டது அதுதான்.

அவர் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரத்துக்கு வந்து முப்பத்தொரு வருடம். அகதி அட்டையில் இருந்த மீசை பி பெர்மிட் என்ற வதிவிட அட்டையில் இருந்தது, சி பெர்மிட்டில் இருந்தது, கடைசியில் சிவப்புக் கடவுச்சீட்டிலும் ஏறிக்கொண்டது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிறு காலையில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அதற்குக் கறுப்பு மை பூசுவார். அது அதன் சொந்த நிறம் என்று வீட்டில் எல்லோரும் நம்புவதாக அவர் நம்பினார்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தாலும், தமிழ்ச் சனம் அவரை அறிந்தது சலவையால் அல்ல, படிவங்களால். வரிப் படிவமோ, காப்புறுதிப் படிவமோ, பிள்ளையைப் பாலர் வகுப்பில் சேர்க்கும் படிவமோ, எது வந்தாலும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். அவரும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுப்பார். இந்த நல்ல மனதுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் துணை போயிற்று என்பதை மறைப்பானேன்.

அந்த வருடம் நகரசபைத் தேர்தல் வந்தது. சபையில் முப்பத்தாறு இடம். முற்போக்குக் கூட்டணி தன்னுடைய வேட்பாளர் பட்டியலான லிஸ்ட் இரண்டில் முப்பத்தாறு பெயர்களைப் போட வேண்டும். வெல்லக்கூடியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மிச்சப் பேர் பந்தியில் இடம் காலியாகத் தெரியக்கூடாது என்று உட்கார வைக்கப்படுகிறவர்கள். பத்மநாதனுக்கு இருபத்தெட்டாம் இடம் கிடைத்தது. தான் வெல்லப்போவதில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அச்சான தாளில் தன் பெயரைக் கண்ட அன்றே அதைப் படமெடுத்துக் கனடாவிலுள்ள தம்பிக்கு அனுப்பினார். "அண்ணை எம்பி ஆகிட்டாரோ?" என்று தம்பி கேட்டபோது, இல்லை என்று தெளிவாகச் சொல்லாமல் ஒரு சிரித்த முகத்தை மட்டும் பதிலாகப் போட்டார்.

இரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் தமிழ்க் கடை வைத்திருக்கும் இராஜசிங்கமும் தேர்தலில் நின்றார். அவர் நின்றது எதிர்ப்பக்கத்தில், நகர வணிகர் அணி என்ற லிஸ்ட் ஆறில், முப்பதாம் இடத்தில். அகதி முகாமில் இருவருக்கும் ஒரே கட்டில். மேல்தட்டில் பத்மநாதன், கீழ்த்தட்டில் இராஜசிங்கம். அன்றிலிருந்து இவர் கார் வாங்கினால் அவர் அதைவிட நீளமான கார் வாங்குவார். இடையில் ஒரு வருடம் முகம் பார்த்துப் பேசாமலும் இருந்தார்கள். பத்மநாதன் தன் மகளின் கலியாண அழைப்புக் காட்டை இராஜசிங்கத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டார், அதுதான் காரணம். நம்மவர்களுக்கு வீட்டுக்கு வந்து வாயால் சொன்னால்தான் சொன்னது. தபால் பெட்டியில் விழுவதெல்லாம் விளம்பரம்.

ஒரு சனிக்கிழமை, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வந்து இறங்கிக் கடை நிறைந்திருந்த நேரத்தில், இராஜசிங்கம் கல்லாவில் இருந்தபடியே குரலை உயர்த்தினார்.

"மச்சான், உன்ர லிஸ்ட் பெரிய லிஸ்ட்தான். எண்டாலும் வாக்கிலை நான் உன்னை முந்துவன்."

"நீயோ? உன்ர கடையிலை கத்தரிக்காய் வாங்கிற சனமே உனக்குப் போடாது."

"அப்பிடியெண்டால் பந்தயம். தோக்கிறவன் மீசையை எடுக்கோணும். இஞ்சை, இந்தக் கல்லாவுக்கு முன்னாலை, சனம் பாக்க."

கடையில் நின்றவர்கள் முருங்கைக்காயை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் பார்க்கும்போது பின்வாங்க முடியுமா? பத்மநாதன் மீசையை ஒருமுறை நீவிவிட்டு, "ஓம், பந்தயம்," என்றார். எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு, அதில் எதிர் லிஸ்ட்டின் தாளில் கையால் எழுதப்பட்டு வந்தது எத்தனை என்பது வரைக்கும் அட்டவணை போட்டு வெளியிடுகிற நாடு இது. எண்ணிக்கையில் யாரும் பூசி மெழுக முடியாது.

பத்மநாதன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் வீட்டை விட்டால், தமிழ்க் குடும்பங்களில் வாக்குரிமை உள்ளவை நாற்பத்திரண்டு. இராஜசிங்கத்தின் வீட்டைக் கழித்தால் நாற்பத்தொன்று. அத்தனை வீட்டின் படிவமும் அவர் கையால் நிரப்பியது. வாக்குப் போடாவிட்டால் இந்த மாநிலத்தில் ஆறு பிராங் தண்டம் வேறு இருப்பதால் ஒருவரும் சோம்பலாக இருந்துவிடவும் மாட்டார்கள். மீசைக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்று நிம்மதியாக நித்திரை கொண்டார்.

ஆபத்து அவருடைய சொந்தக் கட்சியிலிருந்து வந்தது.

அடுத்த கிழமை கூட்டணியின் பெண்கள் குழுத் தலைவி திருமதி பெக்டோல்ட் அவரை அழைத்து ஒரு தாளைக் கொடுத்தார். ஆதரவாளர்களுக்கான வாக்களிப்புப் பரிந்துரை. ஐந்தே அம்சங்கள். ஒன்று, லிஸ்ட் இரண்டை எடுங்கள். இரண்டு, உறைக்குள் வேறு லிஸ்ட்டைச் சேர்க்காதீர்கள். மூன்று, எங்கள் ஒன்பது பெண் வேட்பாளர்களின் பெயரை இரண்டாம் முறையும் கையால் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குச் சேரும். நான்கு, அதற்கு இடம் வருவதற்காக, கடைசியில் உள்ள ஒன்பது பெயர்களைக் கோடிட்டு வெட்டுங்கள். ஐந்து, வாக்காளர் அட்டையில் கையொப்பம் வைக்க மறக்காதீர்கள்.

கடைசி ஒன்பது என்றால் இருபத்தெட்டு முதல் முப்பத்தாறு வரை. ஒன்பது பேரும் ஆண்கள். ஒரே ஒரு வரி மேலே இருந்திருந்தால் பத்மநாதன் தப்பியிருப்பார்.

"போன தடவை எங்களுக்குக் கிடைத்த பதினொரு இடத்தில் இரண்டில்தான் பெண்கள்," என்றார் திருமதி பெக்டோல்ட். "தமிழில் உங்களைப் போல யாராலும் எழுத முடியாது. உங்களுக்கு இதில் சங்கடம் ஒன்றும் இல்லைத்தானே?"

"இல்லவே இல்லை," என்றார் பத்மநாதன். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அன்று மாலை கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் மூன்று அம்சமும் தமிழில் சரளமாக வந்து விழுந்தன. நான்காவதுக்கு வந்ததும் விரல் நின்றது. எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டார். திரும்பி வந்து, "கடைசி ஒன்பது பெயர்களையும் வெட்டுங்கோ" என்று எழுதிப் பார்த்தார். அழித்தார். உயிரோடு இருக்கிற மனிதரின் பெயரை வெட்டச் சொன்னால் நம்முடைய சனத்துக்கு அது அபசகுனமாகப் படும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு சமூகத்தின் உணர்வை மதிப்பதும் முற்போக்குத்தானே என்றும் சொல்லிக்கொண்டார். ஐந்தாவதைத் தூக்கி நான்காவது இடத்தில் வைத்து, அச்சடித்துவிட்டு எழுந்தார். இப்படியான சப்பைக்கட்டு ஒன்று கிடைத்துவிட்டால் மனிதனுக்கு வேறென்ன வேண்டும்!

தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு தேத்தண்ணி, எண்ணிக்கையில் அடங்காத ரோல்ஸ். இராஜசிங்கத்தின் கடை உள்ள தெருவுக்கு வந்தபோது மட்டும் எதிர்ப்பக்கம் கடந்து நடையைக் கூட்டினார். போன இடமெல்லாம், "அண்ணை, நீங்கள் லிஸ்ட்டிலை நிக்கிறியள், பிறகென்ன, கண்ணை மூடிக்கொண்டு போடுறம்," என்றார்கள். பத்மநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. வேலை முடிந்து வந்தபோது மனைவி ஜெயகௌரி குசினி மேசையில் தன் வாக்குத்தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். பாடசாலை மதியச் சாப்பாட்டு மண்டபத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். எதையும் அளந்து பார்க்காமல் சட்டிக்குள் போடுகிற பழக்கம் அவரிடம் இல்லை.

"இஞ்சருங்கோ, இதிலை எங்கட தமிழ்ப் பெட்டை வேணுகான்ர பேரையும் ரெண்டாந்தரம் எழுதச் சொல்லியிருக்கிறியள். எங்கை எழுதுறது? முப்பத்தாறு வரியிலையும் ஆள் இருக்கே."

"ஓரத்திலை எழுது."

"ஓரத்திலை எழுதினா எண்ணுவினமோ?"

பத்மநாதன் சப்பாத்தைக் கழற்றுவதில் மிகவும் கவனமாக இருந்தார். ஜெயகௌரி எழுந்து, அவருடைய பைக்குள் இருந்த ஜெர்மன் தாளை எடுத்து, தமிழ்த் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பாவி மனுஷன் அதைக் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

"ஜெர்மனிலை அஞ்சு. தமிழிலை நாலு. ஒண்டு எங்கை போட்டுது?"

"அது... அது எங்கட ஆக்களுக்கு அவ்வளவு தேவையில்லை எண்டு..."

ஜெயகௌரிக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும். வாசித்தார். அவருடைய புருவம் மெல்ல மேலே போயிற்று. பிறகு லிஸ்ட்டை எடுத்துக் கீழிருந்து மேலாக விரலை ஓட்டினார். விரல் இருபத்தெட்டில் வந்து நின்றது.

"மீசைக்காகவோ?" என்றார்.

பந்தயச் செய்தி அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது என்பது பத்மநாதனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாப்பத்தொரு வீட்டுச் சனமும் ஓரத்திலை எழுதப்போகுதுகள். ஒண்டையும் எண்ணமாட்டினம். அந்தப் பெட்டை பதினோராம் இடத்திலை நிக்கிறாள். போன முறை கிடைச்சதும் பதினொண்டுதான். விளங்குதோ உங்களுக்கு?"

விளங்கியது. விளங்காமல் என்ன! வேணுகாவைப் பாலர் வகுப்பில் சேர்க்கும் படிவத்தை நிரப்பியதே அவர்தான். அவளுடைய தாய் சிவகலா விடிய ஐந்து மணிக்கு அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போகிறவள். பராமரிப்பகம் ஏழு மணிக்குத்தான் திறக்கும். இடையில் இரண்டு மணித்தியாலம் அந்த ஐந்து வயதுப் பிள்ளை தனியாக, வெளியே பூட்டிய வீட்டுக்குள், கூப்பிட்டாலும் சத்தம் போடாதே என்ற கட்டளையோடு இருந்தது. "பராமரிப்பு நேரம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று சிவகலா கேட்டபோது பேனாவோடு விழித்துக்கொண்டிருந்ததும் அவர்தான். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தொரு வயது, மருத்துவமனையில் தாதி. விடிய ஐந்து மணிக்கே திறக்கும் பராமரிப்பகம் நகரத்துக்கு வேண்டும் என்பதற்காகவே தேர்தலில் நிற்கிறாள்.

பத்மநாதனுக்கு வெட்கமாக இருந்தது. மீசை இருக்கும் இடத்தில் சூடு ஏறியது.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார்.

"என்ன செய்யிறது? போய்ச் சொல்லுறது. எல்லா வீட்டையும் திருப்பிப் போங்கோ. நல்லகாலம், எங்கட சனம் கடைசி நாள்வரைக்கும் வாக்குத்தாள் போடுற கூவேரை ஃபிரிட்ஜுக்கு மேலைதான் வைச்சிருக்கும்."

"ஒரு தாள் அடிச்சுப் பெட்டியளுக்குள்ளை போட்டு விட்டால்?"

ஜெயகௌரி அவரைப் பார்த்த பார்வையில் தபாலில் போன கலியாணக் காட்டும் இருந்தது. பத்மநாதன் கழற்றிய சப்பாத்தை மறுபடி மாட்டினார்.

முதல் வீடு சச்சிதானந்தன் அண்ணையுடையது. ஊரில் தபாலதிபராக இருந்தவர், எழுபத்துநாலு வயது, கடிதத்தின் முத்திரை சரிந்திருந்தாலே கோபப்படுகிறவர். பத்மநாதன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பத்மநாதன், விசர்க்கதை கதைக்கிறீர்? போன கிழமை வந்து போடச் சொன்னீர். இந்தக் கிழமை வந்து வெட்டச் சொல்லுறீர். உம்மட பேரையோ?"

"ஓம் அண்ணை. இருபத்தெட்டிலையிருந்து கீழை எல்லாத்தையும்."

"உயிரோடை முன்னாலை இருந்து தேத்தண்ணி குடிக்கிற மனிசன்ர பேரை எப்பிடி வெட்டுறது? கை வராது."

இந்தச் சொல்லைக் கேட்டதும் பத்மநாதனுக்கு உள்ளூர எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எல்லோரும் இப்படியே மறுத்துவிட்டால் கடமையும் முடிந்தது, மீசையும் தப்பியது. ஆனால் வேணுகாவின் முகம் வந்து குறுக்கே நின்றது.

"அண்ணை, வெட்டினாத்தான் அந்தப் பிள்ளைக்கு இடம் வரும்."

"நீர் வெட்டினீரோ?"

"ஓம், வெட்டிப்போட்டன்," என்றார் பத்மநாதன் கூசாமல். அவருடைய வாக்குத்தாள் வீட்டில் தொடப்படாமல் கிடந்தது.

"அப்ப ஒண்டு செய்யும். இந்தாரும் என்ர தாள். எல்லாப் படிவமும் நீர்தானே நிரப்புறனீர். இதையும் உம்மட கையாலேயே வெட்டி விடும். பாவம் எனக்கு வராது."

"ஐயோ அண்ணை, மற்ற ஆக்களின்ர வாக்குத்தாளை நான் நிரப்பிக்கொண்டு திரிஞ்சா என்னைப் பிடிச்சு உள்ளை போடுவாங்கள்!"

சச்சிதானந்தன் அண்ணை நீண்டநேரம் யோசித்துவிட்டு, உள்ளே போய்க் கோடு போடும் அடிமட்டம் ஒன்று எடுத்து வந்தார். பேனையை வைத்து, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, "முருகா," என்று சொல்லி இருபத்தெட்டாம் வரியில் கோடு கீறினார். பத்மநாதன் தன்னுடைய இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, தன் பெயர் மேலிருந்து கீழாக அல்ல, இடமிருந்து வலமாக, அடிமட்டம் பிடித்து, மிக நேர்த்தியாகச் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த முதியவர் மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பத்மநாதன் செய்த முதல் வேலை, தன் வாக்குத்தாளை எடுத்து இருபத்தெட்டாம் வரியை வெட்டியது. பொய்யை நாற்பது தரம் சொல்வதைவிட ஒருதரம் உண்மையாக்கிவிடுவது சுலபம் என்று பட்டது. கோடு கொஞ்சம் நெளிந்துபோயிற்று. ஜெயகௌரி எட்டிப் பார்த்துவிட்டு, "நான் நேராக் கீறினனான்," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எட்டு நாளும் ஷாஃப்ஹவுசன் நகரம் அதுவரை கண்டிராத தேர்தல் பிரசாரம் ஒன்று நடந்தது. ஒரு வேட்பாளர் வேலை முடிந்த கையோடு வீடு வீடாகப் போய், தனக்குப் போட வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டு திரிந்தார். ஞானேஸ்வரி என்ற மனுஷி, இவருக்குக் கட்சிக்காரரோடு ஏதோ கோபம் என்று நினைத்து, அவரை உட்கார வைத்து ஆறுதல் சொன்னார். பிருந்தன் என்ற பஸ் சாரதி, "அண்ணை, நீங்கள் வெட்டச் சொல்லுறதைக் கேக்கத்தான் உங்களுக்கு ரெண்டு வாக்குப் போடோணும் போலை கிடக்கு," என்றான். அவனுக்கு மட்டும் முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

பத்தாம் வீட்டில் பத்மநாதன் மெதுவாகக் கேட்டார். இருபதாம் வீட்டில் அதட்டினார். முப்பதாம் வீட்டில், "என்னை வெட்டாட்டி இனி வரிப் படிவத்தோடை என்ர வாசலுக்கு வராதேங்கோ!" என்று கத்தியே விட்டார். அது நன்றாக வேலை செய்தது. தன் மீசையைத் தானே இப்படி வேரோடு பிடுங்கிக்கொண்டு திரிகிறோமே என்று இடையிடையே நினைத்தாலும், ஒவ்வொரு வீட்டிலும் வேணுகாவின் பெயரைக் கையால் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க ஒரு வெறியே வந்துவிட்டது.

கடைசி வீட்டை முடித்த வெள்ளிக்கிழமை, ஜெயகௌரி கேட்டார்:

"இராஜசிங்கம் அண்ணை வீட்டையும் போனனீங்களோ?"

"அவன்ரை வீட்டையோ? அவன் வேறை லிஸ்ட். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? சிரிக்கிறதுக்கோ?"

ஞாயிறு பின்னேரம் முடிவு வந்தது. கூட்டணிக்கு மறுபடியும் பதினொரு இடம். பதினோராவதாக உள்ளே போனது வேணுகா. அவளுக்கு அடுத்ததாக நின்றவரைவிடப் பத்தொன்பது வாக்குக் கூட. தொலைபேசியில் அவள் அழுதாள், சிரித்தாள், சுவிஸ் ஜெர்மனில் ஏதோ சொன்னாள், பிறகு தமிழுக்கு வந்தாள். "மாமா, அம்மா உங்களோட கதைக்கோணுமாம்," என்றாள். சிவகலா தொலைபேசியை வாங்கி, "அண்ணை," என்று சொன்னதோடு சரி.

இனிப் பந்தயம். இராஜசிங்கம் எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு. பத்மநாதன் எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று.

மூன்று வாக்கு! நாற்பத்தொரு வீட்டில் நாலே நாலு பேர் சொல்வழி கேளாமல் இருந்திருந்தால் போதும். இத்தனை வருடத்தில் அவர் சொன்ன எந்தச் சொல்லையும் ஒழுங்காகக் கேளாத சனம், இந்த ஒன்றை மட்டும் அடிமட்டம் வைத்துக் கேட்டிருந்தது.

சனிக்கிழமை கடையில் ஈ நுழைய இடமில்லை. கல்லாவுக்கு முன்னால் ஒரு கதிரை, தோளுக்குத் துவாய், கிண்ணத்தில் நுரை. சவரக்கத்தியைப் பிடித்தது இராஜசிங்கமேதான். முகாமில் எல்லோருக்கும் முடி வெட்டிவிட்டது அவர்தான், கை சுத்தம். கைபேசிகள் இருபது உயர்ந்தன. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. முப்பத்தொரு வருடமாக வெயில் காணாத மேலுதடு, மாவு பூசியது போல வெள்ளையாகத் தெரிந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இராஜசிங்கமும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்மநாதனும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் கோடைகாலத்துச் சால்வையை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

ஜெயகௌரி கதவைத் திறந்து அவரை ஒரு கணம் பார்த்தார். சிரிக்கவில்லை. "உள்ளை வாங்கோ, ஒண்டு காட்டோணும்," என்று சொல்லி ஐபேடை மேசையில் வைத்தார். நகரசபை வெளியிட்டிருந்த விபர அட்டவணை. எந்த வேட்பாளருக்கு எந்த லிஸ்ட்டின் தாளிலிருந்து எத்தனை வாக்கு என்பது அதில் இருந்தது.

"இருபத்தெட்டைப் பாருங்கோ. லிஸ்ட் ஆறு எண்ட இடம்."

லிஸ்ட் ஆறு, நகர வணிகர் அணி. அந்தத் தாளில் ஒருவர் பத்மநாதனின் பெயரைக் கையால் எழுதியிருக்கிறார். ஒருமுறை அல்ல, எழுத அனுமதி உள்ள இரண்டு முறையும். அந்தக் கட்டத்தில் இருந்த எண் இரண்டு.

"அந்த லிஸ்ட்டை எடுக்கிற எங்கட ஆள் இந்த ஊரிலை எத்தினை பேர்?" என்று கேட்டார் ஜெயகௌரி.

ஒரே ஒரு ஆள், இராஜசிங்கம். கடைக்காரரின் மனைவி கோயிலில் வைத்தே வேணுகாவுக்குத்தான் தன் வாக்கு என்று சொல்லிவிட்டிருந்தார். மூன்று வாக்கு வித்தியாசத்தில் முடிந்த பந்தயத்தில், எதிரிக்கு இரண்டு வாக்கைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான் மடையன். அந்த மீசை என்ன சின்ன மீசையா? பத்மநாதனுடையதைவிட இரண்டு மடங்கு.

பத்மநாதன் சால்வையையும் மறந்து, வெறும் முகத்தோடு திரும்பக் கடைக்குப் போனார். சனம் கலைந்திருந்தது. இராஜசிங்கம் தும்புக்கட்டையால் தரையைக் கூட்டிக்கொண்டு நின்றார். விழுந்து கிடந்த வெங்காயச் சருகோடு கொஞ்சம் மை பூசிய மயிரும் சேர்ந்து போனது.

"டேய், என்ர பேரை எழுதினது நீயோ?"

இராஜசிங்கம் நிமிரவில்லை. "வாக்கு ரகசியம். அதைக் கேக்கக்கூடாது."

"ரெண்டுதரம் எழுதியிருக்கிறாய். தோத்திருந்தா உன்ர மீசையெல்லோ போயிருக்கும்! ஏன்ரா எழுதினனி?"

இராஜசிங்கம் தும்புக்கட்டையைச் சுவரில் சாத்தினார். இவ்வளவு நேரமும் இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. கலியாணக் காட் தபாலில் வந்த நாளில் இருந்த அதே முகம்.

"நாப்பத்தொரு வீட்டை ரெண்டுதரம் போனனி. 'என்னை வெட்டுங்கோ, என்னை வெட்டுங்கோ' எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனி. என்ர கடையைக் கண்டா மட்டும் மற்றப் பக்கத்தாலை ஓடினனி. கண்ணாடிக்குள்ளாலை நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்." கதிரையில் கிடந்த துவாயை எடுத்து உதறினார். "என்ர வீட்டை வந்து நீ வெட்டச் சொல்லேல்லை. சொல்லாட்டி நான் எப்பிடியடா வெட்டுறது? எழுதினன்."